பாலையூற்றில் வாசகம்

கிழமை நாட்களில் மின்மானி வாசிக்கிறேன்,
ஞாயிறுகளில் கோயிலில் வாசகம்.
இரண்டுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி.

இந்தத் தவக்கால வெள்ளிக்கு எனக்கு வாய்த்தது
வெறும் ஊர்ப்பெயர்கள்.
அங்கிருந்து புறப்பட்டு இங்கே கூடாரமிட்டார்கள்,
இங்கிருந்து புறப்பட்டு அங்கே.
நாற்பத்துச் சொச்சம் இடங்கள்.
"பல்லை உடைக்கும். ஏலாட்டி
பாதியில நிப்பாட்டும், சந்தியாம்பிள்ளை"
என்றார் பாதர் டெரன்ஸ்.

சுக்கோத்து. ஏத்தாம். மாரா. ஏலிம்.
ஏலிமில் பன்னிரண்டு ஊற்று, எழுபது பேரீச்சை.
யாரோ எண்ணியிருக்கிறான்.
நடந்து களைத்தவன்தான்
நிழலை எண்ணி வைப்பான்.

ஈச்சிலம்பற்றில்
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்று வேம்பு.
வெருகலில் ஒரு தோணி.
கதிரவெளியில் ஒரு குழாய்க்கிணறு,
எனக்கு முன்னால் நூற்றுப் பதினாறு வாளி.
வாகரையில்
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மேகம் எழும்பினால் எழும்பினார்களாம்,
தங்கினால் தங்கினார்களாம்,
இரண்டு நாளோ, மாதமோ, வருடமோ.
பகலில் எங்களுக்கும் ஒரு தூண் இருந்தது,
கறுப்பாய், மூதூர்ப் பக்கம்.
இரவில் நெருப்பும் இருந்தது.
இரண்டும் முன்னால் போகவில்லை.
பின்னால் வந்தன.

முன்னால் போனது
கனகசூரியத்தின் உழவு மெசின்.
பெட்டிக்குப் பின்னே ஒரே ஒரு சிவப்பு விளக்கு,
கண்ணாடி உடைந்து, சீலைத்துண்டு கட்டியது.
அது நின்றால் நின்றோம்.
அது குலுங்கினால்
வயலற் பிள்ளையைத் தூக்கினாள்.
தனக்கும் வழி தெரியாது என்று
கிளிவெட்டி முகாமில், தேத்தண்ணி வரிசையில்,
ஒரு வருடம் கழித்துச் சொன்னான்.
"மாடு போன தடத்தில விட்டன் அண்ணை."
மாட்டுக்கு ஆர் சொன்னது?
யோசித்தான்.
"தண்ணி மணந்திருக்கும்."

தடத்தின் இரு பக்கமும்
பாலை பழுத்திருந்தது.
மஞ்சளாய், கொட்டையைச் சுற்றிக் கொஞ்சமே சதை.
"என்னப்பா இது?" என்றான் மகன்.
அந்த வனாந்தரத்திலும் இதே கேள்விதானாம்,
அதுவே சாப்பாட்டுக்குப் பெயராகிப் போனதாம்.
பால் பட்டு உதடுகள் ஒட்டிக்கொண்டன.
மூன்று நாள் அதைத்தான் தின்றோம்,
அதிகம் பேசவும் முடியவில்லை.
நாளைக்கென்று வயலற் தலைப்பில் முடிந்தவை
விடியப் புளித்து, எறும்பு மொய்த்தன.
முடிச்சை அவிழ்த்து உதறினாள்.
பிறகு எதையும் அவள் முடிந்து வைக்கவில்லை,
காசைக்கூட.

இப்போது இருக்கிற ஊருக்கும் அந்த மரத்தின் பெயர்.
மரமா, மணற்காடா,
ஊற்று எதிலிருந்து என்று
திருகோணமலைக்கு வந்த புதிதில் கேட்டுப் பார்த்தேன்.
ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நாற்பது வருடம் நடந்தும்
அவர்கள் கால் வீங்கவே இல்லையாம்.
போன மாதத்து வாசகத்தில் அப்படி வந்தது.
அந்த வரியைத் தாண்டிப் போனேன்.
பாதர் கவனிக்கவில்லை.
மூன்றாவது வாங்கில் இருந்தவள் கவனித்தாள்.
வாகரையில் வீங்கிய கால்
இன்னும் வற்றவில்லை,
செருப்பு ஓர் இலக்கம் பெரிதாகவே வாங்குகிறோம்.
வீட்டுக்கு வந்து,
"ஏன் விட்டனீங்கள்?" என்றாள்.
"அவங்கட கால் வீங்காதது எனக்குச் சந்தோசம்தானே."

அதனால் இந்த வெள்ளி நிப்பாட்டவில்லை.
ஒவ்வொரு பெயராய், பல்லுக்குப் பயப்படாமல்.
முப்பதாவது இடத்தருகே
விரல் வரியை விட்டு நழுவியிருக்க வேண்டும்.
வாகரையிலிருந்து புறப்பட்டுக்
கிளிவெட்டியில் கூடாரமிட்டார்கள்
என்று என் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.
பாதர் தலை நிமிர்த்தினார்.
பின்வாங்கில் ஒருவர் இருமினார்.
திருத்தவில்லை, தொடர்ந்து வாசித்தேன்,
ஆற்றின் இக்கரையில்
அவர்கள் கடக்காமல் நிற்கும் இடம்வரை.
ஆண்டவரின் அருள்வாக்கு.
இறைவா உமக்கு நன்றி, என்றது கோயில்,
வழமையை விடக் கொஞ்சம் பிந்தி.

திங்கள் உப்புவெளிப் பக்கம். அறுபது வீடு.
புது மானிகளில்
சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு மின்னும்.
இலக்கத்தை எழுதிய பிறகும்
சில வீடுகளில் அதைப் பார்த்து நின்றுவிடுகிறேன்.
நாய் குரைக்கும்.
"என்ன அண்ணை, கூடவா ஓடியிருக்கு?"
என்று வருவார்கள் உள்ளிருந்து.